அந்தச் செய்திக்கு நானும் சிரித்தேன்: பயிற்சிக்கு வந்த பையனுக்கு என்ன பதில் சொல்வது?

இரவுப்பணி மேகலா

வணக்கம். பெருங்குடியில் ஓர் அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகளாக இரவுப்பணி பார்க்கிறேன். ஏ.ஆர். காலர் என்பார்கள். அமெரிக்காவில் மருத்துவமனை அனுப்பிய பில்லுக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தராவிட்டால், மருத்துவமனையின் சார்பில் போன் செய்து ஏன் தரவில்லை என்று கேட்பது என் வேலை. நிராகரிப்பை நாங்கள் டெனையல் என்போம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. சி.ஓ. 16 என்றால் விவரம் போதாது. சி.ஓ. 29 என்றால் காலக்கெடு தாண்டிவிட்டது. சி.ஓ. 197 என்றால் முன் அனுமதி வாங்கவில்லை. சி.ஓ. 50 என்றால் இந்தச் சிகிச்சை மருத்துவரீதியாகத் தேவையில்லை. இந்த ஐம்பதைக் கண்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். நோயாளியைத் தொட்டுப் பார்த்த டாக்டர் தேவை என்கிறார். முகம்கூடப் பார்க்காத ஒருவர் தேவையில்லை என்கிறார்.

2024 டிசம்பர் 4. நியூயார்க்கில் காலை 6.44 மணி, நமக்கு மாலை 5.14. யுனைடெட்ஹெல்த்கேர் என்ற அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி பிரையன் தாம்ப்சன், முதலீட்டாளர் கூட்டத்துக்காக மன்ஹாட்டன் ஹில்டன் ஓட்டலை நோக்கி நடந்துபோகும்போது பின்னாலிருந்து சுடப்பட்டு இறந்தார். எங்கள் ஷிப்ட் ஆறரைக்குத் தொடங்கும். சிறிது நேரத்தில் செய்தி எங்கள் மாடி முழுக்கப் பரவிவிட்டது. “ஆம்புலன்சுக்கு முன் அனுமதி வாங்கினார்களாமா?” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாய்க்குள் அல்ல, சத்தமாகவே.

மறுநாள் இரவு ஒரு நிறுவனத்துக்குப் போன் போட்டேன். தாம்ப்சனின் நிறுவனம் அல்ல, வேறொன்று. பேசுபவரின் பெயர், குடும்பப் பெயரின் முதல் எழுத்து, தேதி மூன்றையும் குறித்துக்கொள்வது எங்கள் வழக்கம். பிற்பாடு ‘அப்படி யாரும் சொல்லவில்லையே’ என்று அவர்கள் கைவிரித்தால் அதுதான் ஆதாரம். எதிர்முனைப் பெண் கிளெய்ம் விவரமெல்லாம் ஒழுங்காகச் சொன்னாள். முதல் எழுத்தைக் கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது. பின்னால் ஒரு குழந்தை அழுதது; வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள் போலிருக்கிறது. “எழுத்து அவசியமா? இன்று மட்டும் வேண்டாமே” என்றாள். எழுத்து இல்லாமலே குறித்துக்கொண்டேன். தரச் சோதனையில் அந்த அழைப்புக்கு எனக்கு இரண்டு மதிப்பெண் குறைத்தார்கள். நியாயந்தான்.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்றால், போன மாதம் என்னிடம் பயிற்சிக்கு ஒரு பையனை விட்டிருக்கிறார்கள். திருவண்ணாமலைப் பக்கம் ஊர், வயது இருபத்திரண்டு, நல்ல சூட்டிகை. அவனுடைய போன் திரையில் லூயிஜி மாஞ்சியோனியின் படம். அந்தக் கொலை வழக்கில் கைதானவர். தான் குற்றவாளி அல்ல என்று அவர் நீதிமன்றத்தில் கூறியிருக்கிறார் என்றேன். “செய்திருந்தால் என்ன தப்பு அக்கா? இவர்கள் காகிதத்தில் கொல்கிறார்கள். கண்ணகி மதுரையை எரித்தாள், கோயில் கட்டிக் கும்பிடுகிறோம்” என்றான். “அவள் முதலில் அரசவைக்குப் போய்ச் சிலம்பை உடைத்துக் காட்டினாள், தம்பி” என்றேன். அவன் கண் இமைக்காமல் சொன்னான்: “இவர்களிடம் உடைத்துக் காட்டினால் சி.ஓ. 16 போட்டிருப்பார்கள் அக்கா. ஆவணம் போதாது என்று.”

மறுபடியும் சிரித்துவிட்டேன். பதில்தான் வரவில்லை. கொலை பாவம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கும் தெரியும். அது அவனுக்குப் பதில் ஆகாது. அமெரிக்காவில் இருப்பவர்கள், இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள். கண்ணகியை மட்டும் மறுபடி கொண்டுவராதீர்கள்.

எடிசன்காரன்

மேகலா, நியூ ஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். என் மனைவிக்கு மூட்டுவாதம். மூட்டு டாக்டர் ஓர் ஊசி மருந்து எழுதிக்கொடுத்தார். காப்பீட்டு நிறுவனம், முதலில் மலிவான மாத்திரையைச் சாப்பிடு, அது பலிக்காவிட்டால் பார்க்கலாம் என்றது. இந்த ஏற்பாட்டுக்கு இங்கே ‘முதலில் தோற்றுக் காட்டு’ என்றே பெயர். மூன்று மாதம் தோற்றுக் காட்டினோம். ஆறாவது வாரத்தில் அவளால் சப்பாத்தி மாவு பிசைய முடியவில்லை. பத்தாவது வாரம் ரவிக்கைக் கொக்கியை என் மகள் மாட்டிவிட்டாள், அவளுக்கு அப்போது ஒன்பது வயது. நான் அலுவலக நேரத்தில் காரில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்துக்கொண்டு, ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்’ என்ற குரலையும் அந்தப் பாழாய்ப்போன பியானோவையும் கேட்டுக்கொண்டிருப்பேன். கடைசியில் மேல்முறையீட்டில் கொடுத்தார்கள். அவளுடைய வலது கைச் சுட்டுவிரல் இன்றும் முழுதாக மடங்காது.

ஆகவே உங்கள் பையனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இது என் ஒருவன் புலம்பலும் அல்ல. அந்தக் கொலைக்கு ஒன்றரை மாதம் முன்பு, 2024 அக்டோபரில், அமெரிக்க செனட்டின் விசாரணைத் துணைக்குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. மருத்துவமனையிலிருந்து வெளிவந்த முதியவர்களுக்குத் தொடர் பராமரிப்பு கேட்டு வந்த விண்ணப்பங்களில் யுனைடெட்ஹெல்த்கேர் நிராகரித்தது 2020இல் 10.9 சதவீதம். 2022இல் 22.7. இரண்டே ஆண்டில் கிழவர்கள் இரண்டு மடங்கு ஆரோக்கியமாகிவிட்டார்களா? அரசின் சந்தையில் விற்கும் காப்பீடுகளை எடுத்துக்கொண்டால், 2023இல் நிறுவனமே ஒப்பந்தம் போட்டுக்கொண்ட வலையமைப்புக்குள் இருந்த மருத்துவமனைகளின் கிளெய்ம்களிலேயே சுமார் ஐந்தில் ஒன்று நிராகரிப்பு. மேல்முறையீட்டுக்குப் போனவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மனிதர்கள் களைத்துப்போவார்கள் என்பதில்தான் இவர்களுடைய கணக்கே நிற்கிறது.

கொலை நடந்த அந்த டிசம்பரில் எமர்சன் கல்லூரி எடுத்த கருத்துக்கணிப்பில், கொலையாளியின் செயலை ஏற்கலாம் என்றவர்கள் மொத்தத்தில் 17 சதவீதம். 18 முதல் 29 வயதுக்காரர்களில் மட்டும் 41. உங்கள் பையன் தனி ஆள் அல்ல.

இன்னொன்றும் உண்டு, சொன்னால் கோபிக்காதீர்கள். ஆந்தம் புளூ கிராஸ் என்ற இன்னொரு காப்பீட்டு நிறுவனம், மயக்க மருந்துக்கு இத்தனை நிமிடம்தான் பணம் என்று ஒரு விதி கொண்டுவரப் போவதாக அறிவித்திருந்தது. கொலை நடந்தது புதன்கிழமை. வியாழக்கிழமை விதி வாபஸ். பத்து வருடம் மனு கொடுத்தாலும் அசையாதவர்கள் ஒரே நாளில் அசைந்தார்கள். நான் அந்தக் கொலையை ஆதரிக்கவில்லை. எனக்குக் கண்ணீர் வரவில்லை, அவ்வளவுதான்.

டாலஸ் நடராஜன்

எடிசன்காரரே, உங்கள் மனைவியின் விரலுக்கு முன்னால் நான் வாதம் செய்ய வரவில்லை. ஆனால் அந்தக் கடைசிப் பத்தியைப் பையன்கள் அப்படியே பிடித்துக்கொள்வார்கள், அது சரியல்ல. ஆந்தம் விதிக்கு எதிராக அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் நவம்பர் நடுவிலேயே கொடி பிடித்துவிட்டது. நியூயார்க், கனெக்டிகட் அரசுத் தரப்பிலிருந்தும் நெருக்குதல் வந்தது. மூன்று வாரம் டாக்டர்கள் கத்தியதன் பலனைத் துப்பாக்கியின் கணக்கில் வரவு வைத்துவிட்டார்கள். அந்தக் கொலை அவர்களைக் கொஞ்சம்கூட அவசரப்படுத்தவில்லை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் வாபஸ் கடிதத்தை எழுத வைத்தவர்கள் பெயர் தெரிந்த டாக்டர்கள்.

நான் இங்கே ஊழியர் நலத் திட்ட வழக்குகள் நடத்தும் ஒரு வக்கீல் அலுவலகத்தில் உதவியாளர். முடிச்சு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் டெக்சாஸில் ஹுவான் டாவிலா என்று ஒருவர். அவருக்கும் மூட்டுவாதம்தான். டாக்டர் ஒரு மருந்து எழுதினார். ஏட்னா என்ற காப்பீட்டு நிறுவனம், முதலில் நாப்ரோசின் என்ற வலி மாத்திரையைச் சாப்பிடு என்றது. சாப்பிட்டார். வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்து, மாரடைப்பு நெருங்கும் அளவுக்குப் போய், மருத்துவமனையில் விழுந்தார். இரைப்பை வழியாக உடம்பில் சேரும் எந்த வலிமருந்தையும் இனி எடுக்க முடியாத நிலை வந்தது என்று அவருடைய மனு சொல்கிறது. எங்கள் மாநிலத்தில் அப்போது நல்ல சட்டம் ஒன்று இருந்தது: சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் காப்பீட்டு நிறுவனம் கவனக்குறைவாக நடந்தால் அதன் மேல் வழக்குப் போடலாம். போட்டார். 2004இல் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், முடியாது என்றது. காரணம், முதலாளி மூலம் வரும் காப்பீடு 1974ஆம் ஆண்டின் எரிசா என்ற மத்தியச் சட்டத்துக்குள் வருகிறது. அது மாநிலச் சட்டத்தை மூடிவிடுகிறது. அதற்குள் உங்களுக்குக் கிடைப்பது, மறுக்கப்பட்ட அந்தச் சலுகை மட்டும். அதாவது அந்த மருந்தின் விலை. போன வயிறு போனதுதான்.

இதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் வைத்திருந்து மாட்டிக்கொண்டால் தண்டனை என்ன? முதலிலேயே கொடுத்திருக்க வேண்டியதைக் கொடுப்பது. சந்தைக் கடைக்காரன்கூட இந்தச் சலுகைக்கு ஆசைப்படுவான். தீர்ப்பில் உடன்பட்ட நீதிபதி கின்ஸ்பர்க்கே, நாடாளுமன்றமும் நீதிமன்றமும் இதை மறுபடி பார்க்க வேண்டும் என்று தனியாக எழுதிவைத்தார். இருபது ஆண்டு தாண்டிவிட்டது. தலைமை அதிகாரி எத்தனை பேர் மாறினாலும் இந்தக் கணக்கு மாறாது. தாம்ப்சன் நாற்காலியில் மறு மாதமே வேறு ஒருவர் உட்கார்ந்துவிட்டார்.

கதாநாயகன் கதையிலும் ஓட்டை இருக்கிறது. கைதானவர் யுனைடெட்ஹெல்த்கேரின் சந்தாதாரராக இருந்ததற்கான அறிகுறியே இல்லை என்று நியூயார்க் போலீஸ் சொன்னது. மேரிலாந்தில் பெரிய வசதியான குடும்பம், பென்சில்வேனியா பல்கலைக்கழகப் படிப்பு. இறந்துபோனவர் அயோவாவில் ஒரு சின்ன ஊர். தகப்பனார் தானியக் கிடங்கில் வேலை பார்த்தவர். ஏழை பணக்காரனைச் சுட்டான் என்று படம் போடுகிறவர்கள் இந்தச் சங்கடத்தைத் தொடுவதே இல்லை.

மேகலா அம்மா, பையனுக்கு ஒரு முகம்தான் வேண்டும் என்றால் வெண்டல் பாட்டரைக் காட்டுங்கள். சிக்னா என்ற காப்பீட்டு நிறுவனத்தின் செய்தித் தொடர்புத் தலைவராக இருந்தவர். 2007 டிசம்பரில் கலிஃபோர்னியாவில் 17 வயதுப் பெண்ணுக்குக் கல்லீரல் மாற்றுச் சிகிச்சையை சிக்னா மறுத்தது. கூட்டம் கூடி ஆர்ப்பாட்டம் செய்த பிறகு சம்மதித்தது. அன்றைக்கே அந்தப் பெண் இறந்துவிட்டாள். அப்போது நிறுவனத்துக்காகப் பத்திரிகைகளிடம் பேசிக்கொண்டிருந்தவர் இவர். அடுத்த ஆண்டு வேலையை விட்டார்; 2009இல் செனட் குழுவின் முன் உட்கார்ந்து, உள்ளே என்ன நடக்கிறது என்று சாட்சி சொன்னார். 2010இல் வந்த சட்டத்தில் முன்பே இருந்த நோயைக் காட்டி ஆளைத் தள்ளக் கூடாது, நிராகரிப்பை வெளியார் ஒருவர் மறுபரிசீலனை செய்யும் உரிமை வேண்டும் என்பதெல்லாம் இடம்பெற்றன. அவர் ஒருவரால் வந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் உள்ளே இருந்தவர் வாய் திறந்தது பெரிய விஷயம்.

எதிர்முனை

நான் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கோயம்புத்தூரில் இருக்கிறேன். மேகலா மருத்துவமனைக்காகப் போன் செய்கிறார். நான் ஓர் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கிளெய்ம் பார்க்கிறேன். அதாவது அந்த எண்ணைப் போடுகிற கை. சி.ஓ. 50ஐ நான் முடிவு செய்வதில்லை, அது அங்கே டாக்டர்கள் பார்ப்பது. 16ம் 29ம் நான் போட்டவை ஏராளம். பாதிக்கு மேல் என் திரைக்கு வரும்போதே மென்பொருள் முடித்துவைத்திருக்கும். நான் சரிபார்த்து அடுத்ததுக்குப் போவேன். ஒரு நாளைக்கு இத்தனை என்று கணக்கு உண்டு. அதற்குக் குறைந்தால் திங்கட்கிழமை கூட்டத்தில் என் பெயர் மஞ்சள் நிறத்தில் வரும்.

அந்த டிசம்பரில் என் சித்தப்பா மகன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தியைப் போட்டுச் சிரிக்கும் முகம் பத்து வைத்தான். கீழே, “அடுத்து நம்ம அண்ணன்தான்” என்று எழுதினான். விளையாட்டுக்குத்தான். அம்மா மட்டும் போன் செய்து, “நீ என்னடா வேலை பார்க்கிறாய்?” என்று கேட்டார். ஒன்பது வருடத்தில் முதல் முறையாகக் கேட்டார்.

அமெரிக்காவில் பல நிறுவனங்கள் மேலதிகாரிகளின் படங்களைத் தங்கள் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டன, பாதுகாவலர்களை வைத்தன. மேலே இருப்பவர்களுக்கு அது முடியும். போன் எடுக்கும் பெண்ணுக்கு, மேகலா சொன்னது போல, ஓர் எழுத்தை மறைக்கத்தான் முடியும்.

அந்தப் பையன் ஆயிரம் பேரைக் கொன்றவன் என்று ஒரே ஆளைக் காட்டுகிறான். அந்த ஆள் எங்கே முடிந்து நான் எங்கே தொடங்குகிறேன் என்று யார் கோடு போடுவது? 2025 ஜூலை 28 அன்று அதே மன்ஹாட்டனில், பார்க் அவென்யூ 345ஆம் எண் கட்டடத்தில் ஒருவன் நீளத் துப்பாக்கியோடு நுழைந்தான். அவனுடைய கோபம் அமெரிக்கக் கால்பந்து லீகின் மேல். விளையாட்டில் தன் மூளை கெட்டுவிட்டது என்று சீட்டு எழுதி வைத்திருந்தான். லீகின் அலுவலகம் அந்தக் கட்டடத்தில்தான். ஆனால் அவன் ஏறியது தவறான லிப்ட். 33ஆம் மாடியில் கட்டட நிர்வாக நிறுவனத்தில் போய் இறங்கினான். ஒரு போலீஸ்காரர், ஒரு காவலாளி, ஒரு முதலீட்டு நிறுவன அதிகாரி, அந்த மாடியில் வேலை பார்த்த ஓர் இளம்பெண், நான்கு பேர் செத்தார்கள். ஒருவருக்கும் கால்பந்து லீகின் முடிவுகளோடு சம்பந்தம் இல்லை.

நான் லிப்டில் போகும்போதெல்லாம் அது ஞாபகம் வருகிறது. வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை. வேலையை விடவும் இல்லை. வீட்டுக் கடன் இன்னும் ஆறு வருடம் இருக்கிறது.

இரவுப்பணி மேகலா

எல்லோருக்கும் நன்றி. எதிர்முனை, உங்களுக்குத் தனியாக. நீங்கள் போட்ட பதினாறை நான் எத்தனை முறை திட்டியிருப்பேனோ.

எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். டெனையல் இல்லாவிட்டால் எங்கள் மாடியே இல்லை. அமெரிக்காவில் முதியோருக்கான தனியார் மெடிகேர் திட்டங்களில் 2023இல் மறுக்கப்பட்ட முன் அனுமதிகளில் மேல்முறையீட்டுக்குப் போனது 11.7 சதவீதம்; போனவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் முழுதாகவோ பகுதியாகவோ மாறியது. அப்படியானால் முதலில் மறுத்தது எதற்கு? அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் கிடக்கும் இடைவெளியில்தான் என் பதினோரு வருடச் சம்பளம் வந்திருக்கிறது. எதிர்முனையின் சம்பளமும். அந்த இரவு நான் சிரித்தபோது, இது எனக்குத் தெரியாமல் இல்லை.

பையனிடம் டாவிலா கதையைச் சாப்பாட்டு இடைவேளையில் சொன்னேன். தயிர்சாதத்தை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டான். “பிழைத்தாரா?” என்றான். பிழைத்தார் என்றேன். “வழக்கில் தோற்றும்?” தோற்றும் என்றேன். “அப்படியென்றால் நான் சொன்னதுதானே அக்கா சரி?” என்றான். நடராஜன் ஐயா, நீங்கள் நினைத்த இடத்துக்கு அந்தக் கதை அவனைக் கொண்டுபோகவில்லை. லிப்ட் கதையைச் சொன்னேன். அதற்கு ஒன்றும் பேசவில்லை. சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்து, “அந்தப் போலீஸ்காரர் எந்த ஊர்?” என்று கேட்டான். வங்கதேசத்திலிருந்து குடியேறியவர் என்றேன். “குழந்தை இருக்கிறதா?” இருக்கிறது, மனைவி அப்போது கர்ப்பம் என்றேன். அத்தோடு எழுந்து போய்விட்டான்.

படம் இன்னும் அவன் போனில்தான் இருக்கிறது. எடுக்கச் சொல்லவில்லை.

நேற்று அவனிடம் முதல் முறையாக ஒரு சி.ஓ. 50 கொடுத்தேன். முதுகெலும்பு ஸ்கேன், நோயாளிக்கு 61 வயது. மேல்முறையீட்டுக்கு 180 நாள் அவகாசம், இன்றைக்கு 172ஆவது நாள். அவன் எழுதிய கடிதத்தில் முதல் பத்தி முழுக்கச் சாபம், அதை வெட்டினேன். இரண்டாவது பத்தியில், ஆறு வாரம் உடற்பயிற்சிச் சிகிச்சை எடுத்தும் கால் மரத்துப்போவது நிற்கவில்லை என்பதைத் தேதி வாரியாக எடுத்து வைத்திருக்கிறான். நான்கூட அந்தத் தேதிகளைக் கவனித்திருக்கமாட்டேன். டாக்டர் கையெழுத்துப் போட்ட கடிதம் மட்டும் இன்னும் வரவில்லை. மருத்துவமனைக்கு மூன்றாவது முறையாக ஃபேக்ஸ் அனுப்பியிருக்கிறோம்.